அம்மா வாசிக்கும் படம் ஒன்றுகூட எங்கள் வீட்டில் இல்லை

மாடத்துவிளக்கு எழுதியது:

எங்கள் வீடு கும்பகோணத்தில் உள்ள பழைய ஓட்டு வீடு. நடுவில் முற்றமும் அதைச் சுற்றித் தாழ்வாரமும் உண்டு. அம்மாவுக்கு இப்போது 74 வயது. காலை வேலைகள் முடிந்து, ஏறக்குறைய எட்டரை மணிக்கு, தாழ்வாரத்துத் தூணருகே கால்களை நீட்டி உட்கார்ந்து, கைப்பிடி வைத்த பூதக்கண்ணாடியை வரிக்கு வரி நகர்த்திக்கொண்டே படிப்பார். உதடுகள் மெல்ல அசையும். சுவையான இடம் வந்தால் கண்ணாடி நின்றுவிடும். மீண்டும் அந்த வரியின் தொடக்கத்துக்குப் போகும். நான் பள்ளிக்குப் புறப்படும் அவசரத்திலும் அந்த ஒரு நிமிடத்தை நின்று பார்த்துவிட்டுத்தான் போவேன்.

எங்கள் வீட்டில் படிக்காதவர் எவரும் இல்லை. பாட்டி வார இதழ்களிலிருந்து தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்துப் பைண்டு செய்து வைத்த தொகுதிகள் பதினொன்று பரணில் இருக்கின்றன. அப்பா படித்த புத்தகங்களின் முதல் பக்கத்தில், வாங்கிய நாளும் ஊரும் அவருடைய சாய்வெழுத்தில் இருக்கும். என் மகளுக்கு ஒன்பது வயது. அவள் சாப்பிடும்போதும் புத்தகத்தைத் தட்டின் ஓரத்தில் சாய்த்து வைத்திருப்பாள், அதற்காகத் தினமும் என்னிடம் திட்டு வாங்குவாள்.

சென்ற மாதம் பழைய ஆல்பங்களை எடுத்துப் புரட்டியபோதுதான் ஒன்று உறைத்தது. திருமணம், காதுகுத்து, பொங்கல், கோயில் பயணம், எல்லாவற்றுக்கும் படம் இருக்கிறது. ஆனால் அம்மா ஒரு புத்தகத்தைக் கையில் பிடித்திருக்கும் படம் ஒன்றுகூட இல்லை. வாழ்நாளில் ஒவ்வொரு நாளும் செய்த காரியத்துக்கு ஒரு சாட்சியும் இல்லை. இப்போதாவது எடுக்கலாம் என்று கைப்பேசியைத் தூக்கினால், அவர் புத்தகத்தை மூடிவிட்டு, புடவைத் தலைப்பைச் சரிசெய்து, நேராக உட்கார்ந்து என்னைப் பார்க்கிறார். நான் எடுக்க விரும்பியது அந்த நொடியிலேயே போய்விடுகிறது. வாசிப்பைக் கலைக்காமல் வாசிப்பவரைப் படமெடுப்பது எப்படி? அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன். பழைய ஆல்பங்களும் பைண்டுத் தொகுதிகளும் நாளுக்கு நாள் நலிந்துவருவதால், அவற்றைக் காப்பது பற்றியும் கேட்க விரும்புகிறேன்.

இருட்டறை எழுதியது:

வணக்கம் அம்மா. நான் மதுரையில் 38 ஆண்டுகள் ஸ்டூடியோ நடத்தி ஓய்வு பெற்றவன். உங்கள் அப்பா எந்த கேமரா வைத்திருந்தார் என்று நீங்கள் சொல்லவில்லை. ஆனால் அந்தக் காலத்து நடுத்தரக் குடும்பங்களில் பெரும்பாலும் அக்ஃபா கிளிக் 3 போன்ற எளிய கேமராதான் இருந்தது. ஒரு 120 வகை பிலிம் ரோலில் சதுரமாகப் பன்னிரண்டு படங்கள் மட்டுமே விழும். லென்ஸின் திறப்பையும் ஷட்டர் வேகத்தையும் பெரிதாக மாற்ற முடியாது. வெயிலில் நின்றால் படம் வரும். வீட்டுக்குள் எடுத்தால் கருமைதான் வரும். அதனால்தான் அன்றைய குடும்பப் படங்களில் எல்லோரும் வாசலிலோ மொட்டை மாடியிலோ முற்றத்திலோ கண்களைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறார்கள். அம்மாக்கள் படித்ததோ அடுக்களை ஓரத்தில், ஜன்னலடியில், இரவு விளக்கின் கீழே. அங்கே அந்தக் கேமராவால் பார்க்கவே முடியாது. உங்கள் அப்பா எடுக்கவில்லை என்று வருத்தப்படாதீர்கள். பன்னிரண்டு படங்களில் ஒன்றை இருட்டில் வீணாக்க எந்தக் குடும்பத்தலைவரும் துணிந்திருக்க மாட்டார். உதகையில் 1960இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் ‘இந்து’ ரோல்கள் எங்கள் கடையில் விற்றபோதும், ஒரு ரோலைத் தீர்க்கப் பல வீடுகளில் ஓராண்டு பிடித்தது.

ஒன்றை நினைத்துப் பார்க்க வேண்டும். ஸ்டூடியோப் படங்களில் புத்தகத்துக்குப் பஞ்சமே இருந்ததில்லை. உயரமான முக்காலியின்மேல் கனமான ஒரு புத்தகத்தை வைத்து, அதன்மேல் கையை ஊன்றச் சொல்லித்தான் எத்தனையோ படங்கள் எடுக்கப்பட்டன. எங்கள் ஸ்டூடியோவிலும் அப்படி ஒரு தடித்த புத்தகம் இருந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் அதன்மேல் கைவைத்தார்கள். யாரும் அதைத் திறந்ததில்லை. புத்தகத்தைக் கையில் வைத்திருப்பவர் வேறு, படிப்பவர் வேறு என்பது கேமராவுக்குப் பின்னால் நிற்பவனுக்கு உடனே தெரிந்துவிடும். படிப்பவரின் கழுத்து சற்றுத் தளர்ந்திருக்கும். மேலிமை பாதி தாழ்ந்திருக்கும். விரல் அடுத்த பக்கத்தின் ஓரத்தைத் தேடிக்கொண்டே இருக்கும். இவற்றை ‘வை’ என்று சொல்லி வரவழைக்க முடியாது.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். முற்றத்து வெளிச்சத்தைவிட நல்ல வெளிச்சம் எந்த ஸ்டூடியோவிலும் கிடையாது. அம்மா வெயில் படும் இடத்தில் இல்லாமல், வெயிலுக்கு ஓரடி உள்ளே, நிழலில் உட்கார்ந்திருக்கும்போது எடுங்கள். திறந்திருக்கும் பக்கம் வெள்ளையாக இருப்பதால், மேலிருந்து வரும் வெளிச்சம் அதில் பட்டுத் தெறித்து முகத்தின் கீழ்ப்பகுதியை மெல்ல ஒளிரச் செய்யும். நாங்கள் வெள்ளைத் துணியைக் கட்டிச் செய்ததைப் புத்தகம் தானாகவே செய்துவிடுகிறது. ஆனால் அதே வெள்ளைப் பக்கம் கேமராவை ஏமாற்றவும் செய்யும். காட்சி முழுவதும் அளவுக்கு மீறி வெளிச்சமாக இருப்பதாக எண்ணிக் கேமரா எக்ஸ்போஷரை, அதாவது உள்ளே விடும் வெளிச்சத்தின் அளவை, குறைத்துவிடும்; பக்கம் சாம்பல் நிறமாகவும் முகம் கருத்தும் விழும். கைப்பேசியாக இருந்தால் திரையில் முகத்தைத் தொட்டு, வெளிச்சத்தைச் சற்றே மேலே தள்ளுங்கள். பக்கத்தின் எழுத்துகள் கொஞ்சம் வெளுத்தாலும் பரவாயில்லை, முகம்தான் முக்கியம்.

இரவில் டியூப் லைட்டின் கீழே எடுப்பதானால் ஒரு சிக்கல் உண்டு. நம் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி கொண்டதால் பழைய சோக் வைத்த குழல்விளக்கு நொடிக்கு 100 முறை மினுங்கும். ஷட்டர் வேகம் அதற்குப் பொருந்தாவிட்டால் படத்தில் பட்டை பட்டையாகக் கருமை விழும். ஐம்பதில் ஒரு பங்கு அல்லது நூறில் ஒரு பங்கு நொடியில் வைத்தால் அது வராது.

கலைக்காமல் எடுக்கும் வழி ஒன்றுதான் எனக்குத் தெரியும். ஒரு வாரம் தினமும் அதே நேரத்தில், அதே தாழ்வாரத்தில், கேமராவை மடியில் வைத்துக்கொண்டு நீங்களும் ஒரு புத்தகம் படியுங்கள். எடுக்க வேண்டாம். எட்டாம் நாள் அவருக்கு அந்தக் கேமரா வீட்டுச் சாமான்களில் ஒன்றாகிவிடும். ஷட்டர் ஒலியையும் நிறுத்திவிடுங்கள்.

தனிவாசகி எழுதியது:

இருட்டறை ஐயா சொன்ன வெளிச்சக் கணக்குகளை நான் குறித்துக்கொண்டேன். ஆனாலும் மாறுபட்ட ஒரு கருத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அறியாதபோது எடுப்பது எனக்கு ஒப்பவில்லை, எடுப்பவர் பெற்ற மகளாகவே இருந்தாலும்.

நான் இரண்டு குழந்தைகளும் மாமனார் மாமியாரும் உள்ள வீட்டில் வாழ்கிறேன். இரவு பத்தரை மணிக்கு அடுக்களையைக் கழுவித் தள்ளிவிட்ட பிறகு, அங்கேயே தரையில் ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்து முக்கால் மணி நேரம் படிக்கிறேன். இருபத்து நான்கு மணி நேரத்தில் யாருக்கும் மனைவியாகவோ தாயாகவோ மருமகளாகவோ இல்லாமல் நான் இருப்பது அந்த முக்கால் மணி நேரம்தான். ஒருநாள் என் கணவர் அன்போடுதான் கதவோரம் நின்று படமெடுத்து, உறவினர் குழுவில் பகிர்ந்தார். ‘இந்த நேரத்தில் என்ன படிப்பு’ என்றும், ‘நல்ல பழக்கம்’ என்றும் மறுநாள் முழுவதும் கருத்துகள் வந்தன. பாராட்டு, குறை இரண்டுமே எனக்கு ஒரேபோல் வலித்தன. அதன்பின் ஏறக்குறைய ஒரு மாதம் அடுக்களையில் உட்கார்ந்தாலும் கதவின் பக்கம் ஒரு கண் போய்க்கொண்டே இருந்தது. படித்த பக்கத்தையே திரும்பத் திரும்பப் படித்தேன்.

உங்கள் அம்மா புத்தகத்தை மூடுவதைக் கூச்சம் என்று மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நம் வீடுகளில் கதைப் புத்தகம் படிப்பது பெண்களுக்கு நேரத்தை வீணாக்கும் காரியமாகக் கருதப்பட்ட காலத்தில் வளர்ந்தவர் அவர். யாராவது பார்த்தால் மூடிவிட வேண்டும் என்பது கைக்கே பழகிப்போயிருக்கலாம். முதலில் அவரிடம் கேளுங்கள். ஏன் எடுக்க விரும்புகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

மாடத்துவிளக்கு எழுதியது:

தனிவாசகி அவர்களுக்கு நன்றி. நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் அம்மாவிடம் கேட்டேன். அவர் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, திருமணமான புதிதில் அரிசி டப்பாவுக்குப் பின்னால் வார இதழை மறைத்து வைத்துப் படித்ததையும், மாமியாரும் அதே இதழை வேறோர் இடத்தில் மறைத்து வைத்துப் படித்தது பின்னர் தெரியவந்ததையும் சொன்னார். அதன்பிறகுதான் இருவரும் சேர்ந்து தொடர்கதைகளைக் கிழித்துப் பைண்டு செய்யத் தொடங்கினார்களாம். பரணில் இருக்கும் பதினொரு தொகுதிகளில் ஏழு, பாட்டியும் அம்மாவும் சேர்ந்து செய்தவை என்பது எனக்கு இத்தனை ஆண்டுகள் தெரியாது. படம் எடுத்துக்கொள் என்று சொன்னார். ஆனால் வீட்டை விட்டு வெளியே போகக்கூடாது என்றார்.

அப்பா வைத்திருந்தது கிளிக் 3தான், இருட்டறை ஐயா. தோல் உறையோடு இன்னும் இருக்கிறது.

பழுப்புத்தாள் எழுதியது:

நூலகத் துறையில் பணியாற்றுபவன் என்ற முறையில் தொகுதிகளைப் பற்றியும் ஆல்பங்களைப் பற்றியும் சில சொற்கள்.

அந்தப் பதினொரு தொகுதிகளைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். கல்கி வார இதழில் 1950 முதல் 1954 வரை பொன்னியின் செல்வன் தொடராக வந்தபோது மணியம் வரைந்த ஓவியங்கள் வாரந்தோறும் உடன் வந்தன. பின்னாளைய மலிவுப் பதிப்புகள் பலவற்றில் அவை இல்லை. அப்படித் தமிழ்நாடெங்கும் குடும்பங்கள் பைண்டு செய்து வைத்த தொகுதிகளில்தான் ஓவியங்களும், அந்த வார விளம்பரங்களும், துணுக்குகளும், வாசகர் கடிதங்களும் தங்கியிருக்கின்றன. ஒரு தனிமனிதரின் சேகரிப்பு எவ்வளவு பெரிதாக வளர முடியும் என்பதற்குச் சென்னையில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமே சான்று. கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக வாழ்ந்த ஒருவர் தம் வீட்டில் சேர்த்த நூல்களையும் இதழ்களையும் அடித்தளமாகக் கொண்டு 1994இல் அது தொடங்கப்பட்டது.

வார இதழ்த் தாள் மரத்தை அப்படியே அரைத்த கூழில் செய்வது. அதில் மிஞ்சியிருக்கும் லிக்னின் என்ற பொருள் வெளிச்சத்தாலும் காற்றாலும் பழுத்து அமிலமாகி, தாளைப் பழுப்பாக்கி மடித்த இடத்தில் ஒடியச் செய்கிறது. ஓட்டு வீட்டில் பரணைப் போல் கெட்ட இடம் அவற்றுக்கு வேறில்லை. பகலில் ஓட்டுச் சூடு நேராக இறங்கும், ஐப்பசி கார்த்திகையில் ஈரம் ஏறும். தரையிலிருந்து ஓரடி உயரத்தில், வெளிச்சுவரை ஒட்டாமல், மர அலமாரியில் படுக்கை வசமாக வையுங்கள். வேப்பிலையும் வசம்பும் நம் முன்னோர் சுவடிகளுக்கு வைத்தவை. அவற்றைத் துணியில் முடிந்து அலமாரியின் மூலையில் வைக்கலாம். பக்கங்களுக்கு இடையில் இலையை வைத்தால் கறை படியும். கிழிந்த இடத்தில் செல்லோ டேப் ஒட்டவே வேண்டாம். பத்தாண்டுகளில் அதன் பசை மஞ்சளாகி எழுத்தையே அழித்துவிடும். லேமினேஷனும் கூடாது.

ஆல்பங்களில் கறுப்பு அட்டைப் பக்கத்தில் மூலைக் காகிதம் செருகி வைத்த கறுப்பு வெள்ளைப் படங்கள்தான் நல்ல நிலையில் இருக்கும். வெள்ளியால் ஆன படிமம் நெடுங்காலம் நிற்கும். வண்ணப் பிரிண்டுகளில் இருப்பது சாயம். மூடி வைத்தாலும் மெல்ல மங்கும், சுவரில் மாட்டினால் விரைவில் வெளுக்கும். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் எல்லா வீடுகளிலும் வாங்கிய, பிளாஸ்டிக் தாளைத் தூக்கிப் படத்தை ஒட்டும் ஆல்பம் உங்களிடம் இருந்தால் அதைத்தான் முதலில் கவனியுங்கள். அந்தப் பசை படத்தின் பின்புறத்தைப் பற்றிக்கொள்ளும். எங்கள் வீட்டில் அப்படி ஒன்றை அவசரமாக உரித்துத் தங்கையின் திருமணப் படங்கள் நான்கை நானே கிழித்தேன். இப்போது பல்லிடுக்கைச் சுத்தம் செய்யப் பயன்படும் மெல்லிய நூலைப் படத்துக்கும் அட்டைக்கும் நடுவே அறுப்பதுபோல் நகர்த்தி எடுக்கிறேன். அதற்கும் வராத படத்தை ஆல்பத்தில் இருந்தபடியே படமெடுத்துவிடுவது நல்லது.

சிறிய பிரிண்டுகளை அங்குலத்துக்கு 600 புள்ளிகளுக்குக் குறையாமல் ஸ்கேன் செய்யுங்கள். நெகட்டிவ் இருந்தால் அதைத் தனியாக ஸ்கேன் செய்வது இன்னும் மேல். யார், எங்கே, எந்த ஆண்டு என்பதைப் படத்தின் பின்புறத்தில் மென்மையான பென்சிலால், அழுத்தாமல், ஓரத்தில் எழுதுங்கள். பந்துமுனைப் பேனா கூடாது. அது முன்புறத்தில் தடம் பதிக்கும், மையும் அடுத்த படத்தில் ஒட்டும். அம்மாவோடு உட்கார்ந்து எழுதுங்கள். அந்த முகங்களுக்குப் பெயர் சொல்லக்கூடியவர் இன்று அவர் ஒருவராகத்தான் இருக்கக்கூடும்.

பனங்கூடல் எழுதியது:

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து, இப்போது கனடாவின் ரொறன்ரோவில் வாழ்பவன். பழுப்புத்தாள் அவர்கள் அதிகப் புள்ளிகளில் ஸ்கேன் செய்யச் சொன்னதன் பயனை என் வாழ்க்கையிலிருந்து சொல்ல விரும்புகிறேன்.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது எனக்குப் பதினொரு வயது. மறுநாள் அப்பா சமைத்ததைத் தொடாமல் சாய்மனைக் கதிரையில் கிடந்தது நினைவிருக்கிறது. அவர் அந்த நூலகத்தில் கிழமைக்கு இரண்டு முறை போய் இருந்து வாசிப்பவர். அதன்பின் வீட்டில் சொந்தமாகப் புத்தகம் வாங்கிச் சேர்க்கத் தொடங்கினார். இரண்டு அலமாரிகள் நிறைந்தன. 1995 ஒக்ரோபர் இறுதியில் போரினால் ஊரே ஒரே இரவில் வெளியேறியபோது, அம்மம்மாவைச் சைக்கிளில் இருத்தித் தள்ளிக்கொண்டு போனோம். புத்தகங்களையும் ஆல்பங்களையும் விட்டுவிட்டுத்தான் போனோம். திரும்பிப் போனபோது வீட்டுக்குக் கூரையும் இருக்கவில்லை.

அப்பாவின் ஒரேயொரு ஒளிப்படம்தான் இன்று எங்களிடம் இருக்கிறது. கொழும்பில் இருந்த சித்தப்பாவுக்குக் கடிதத்தோடு அனுப்பிய, உள்ளங்கை அளவுப் படம். விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் ஒரு புத்தகத்தை நெஞ்சில் கவிழ்த்து வைத்தபடி அப்பா யாரையோ பார்த்துச் சிரிக்கிறார். ஐந்து ஆண்டுகளுக்கு முன்னர் என் மகன் அதை உயர் தரத்தில் ஸ்கேன் செய்து பெருப்பித்தபோது, அட்டையின் முதுகில் இருந்த எழுத்துகள் பாதி தெரிந்தன. அந்தப் பாதியை வைத்துக்கொண்டு, ஈழத்து நூல்களையும் இதழ்களையும் 2005 முதல் இணையத்தில் சேர்த்துவரும் நூலகம் திட்டத்தின் பட்டியலில் தேடினோம். மூன்றாம் நாள் இரவு அந்தப் புத்தகத்தைக் கண்டுபிடித்தோம். அப்பா நெஞ்சில் கவிழ்த்து வைத்த புத்தகத்தை, அவர் இறந்து பதினாறு ஆண்டுகளின் பின், நானும் மகனும் பக்கம் பக்கமாகத் திரையில் வாசித்தோம். மகனுக்குத் தமிழ் வாசிப்பு மெதுவாகத்தான் வரும். ஆனாலும் அவன்தான் உரத்து வாசித்தான்.

ஆகவே சகோதரி, உங்களிடம் ஒரு வேண்டுகோள். அம்மாவை எடுக்கும்போது அவர் கையில் உள்ள புத்தகத்தின் அட்டையும் தெரியும்படி ஒரு படமாவது எடுங்கள். பழைய படங்களை ஸ்கேன் செய்தால், முன்னால் நிற்பவர்களை மட்டும் பார்க்காமல் பின்னால் இருப்பவற்றையும் பெருப்பித்துப் பாருங்கள்.

இரவுக்கதை எழுதியது:

ஒரு சிறு அனுபவம் மட்டும். எங்கள் இரண்டு பிள்ளைகளுக்கும் இரவில் கதை படித்துக் காட்டுவது என் வேலை. அதைப் படமெடுக்கக் கைப்பேசியை எடுத்த ஒவ்வொரு முறையும், வந்திருந்த ஏதோ ஒரு செய்தியைப் பார்க்கப்போய்க் கதை நடுவில் நின்றது. பெரியவன் ஒருநாள், ‘அப்பா, நரி இன்னும் கிணற்றுக்குள்ளேயே இருக்கிறது’ என்றான். அன்றிலிருந்து கைப்பேசி கூடத்தில் இருக்கும். படமெடுப்பதற்கென்று இணையத் தொடர்பு ஏதும் இல்லாத பழைய டிஜிட்டல் கேமரா ஒன்றை அலமாரியிலிருந்து தூசி தட்டி எடுத்தோம். ஆண்டுக்கு ஒருமுறை, சரசுவதி பூசையன்று அடுக்கிய புத்தகங்களை மறுநாள் பிரித்து எடுத்தவுடன், பிள்ளைகள் முதலில் திறக்கும் புத்தகத்தோடு ஒரு படம் எடுக்கிறோம். ஆறு ஆண்டுகளில் ஆறு படங்கள். துணிப் புத்தகத்தைக் கடித்துக்கொண்டிருந்த சின்னவள் இவ்வாண்டு தானே எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள்.

மாடத்துவிளக்கு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன்.

இருட்டறை ஐயா சொன்னபடி பத்து நாட்கள் தாழ்வாரத்தில் அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து படித்தேன். பள்ளிக்குக் கோடை விடுமுறை என்பதால் அது முடிந்தது. படமெடுக்கும் எண்ணமே பாதி மறந்துபோய், பல ஆண்டுகளாகத் தள்ளிப்போட்ட ஒரு நாவலை முடித்தேன். பதினொன்றாம் நாள் எடுத்தேன். அம்மாவின் அனுமதியோடுதான். அவர் நிமிரவில்லை. பூதக்கண்ணாடி வழியே ஒரு சொல் மட்டும் பெரிதாகத் தெரிகிறது, பக்கத்தின் வெளிச்சம் மோவாயின்கீழ் விழுந்திருக்கிறது. பனங்கூடல் அவர்கள் கேட்டுக்கொண்டபடி அட்டையோடு இன்னொரு படமும் எடுத்தேன்.

ஆனால் நான் எழுத வந்தது வேறொன்று. கிளிக் 3இல் அப்பா எடுத்த நெகட்டிவ்களை ஸ்கேன் செய்தோம். முற்றத்தில் என்னை எண்ணெய் தேய்த்து வெயிலில் கிடத்தியிருக்கும் ஒரு படம் உண்டு. எனக்கு ஆறோ ஏழோ மாதம் இருக்கும். ஆல்பத்தில் இருக்கும் பிரிண்டில் எனக்குப் பின்னால் தாழ்வாரம் வெறும் இருட்டாகத்தான் தெரியும். அந்தக் கேமராவில் குவியத்தைத் திருப்பிச் சரிசெய்யும் வேலை கிடையாது. சில அடிகளுக்கு அப்பால் உள்ளவை எல்லாம் ஏறக்குறைய ஒரே தெளிவில் விழுந்துவிடும். நெகட்டிவைப் பெருக்கி அந்த இருட்டை என் மகள் கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சமாக்கிக்கொண்டே போனபோது, அடுக்களை நிலைப்படியில் ஓர் உருவம் வந்தது. இடுப்பில் சொருகிய புடவையோடு, நிலையில் சாய்ந்து, ஒரு கையில் மடித்த வார இதழைப் பிடித்தபடி அம்மா நின்றுகொண்டிருக்கிறார். அப்பா கேமராவைப் பிடித்திருப்பதும், நான் வெயிலில் கிடப்பதும் அவருக்குத் தெரிந்ததாகவே தோன்றவில்லை. கண்கள் இதழில் இருக்கின்றன.

அம்மாவிடம் காட்டினேன். பூதக்கண்ணாடியைத் திரையின்மேல் வைத்து நெடுநேரம் பார்த்தார். பாட்டி அன்று ஊரில் இல்லை என்றார். அதனால்தான் நிலைப்படியிலேயே நின்று படிக்க முடிந்ததாம். அது எந்த இதழ், எந்தத் தொடர் என்று அவருக்கு நினைவில்லை. பரணிலிருந்து இறக்கிய தொகுதிகளை மடியில் வைத்துக்கொண்டு, நான் பிறந்த ஆண்டின் இதழ்களில் இரண்டு நாட்களாகத் தேடிக்கொண்டிருக்கிறார். படத்தின் பின்புறத்தில் பென்சிலால் எழுத வேண்டிய இடத்தை அதற்காகக் காலியாக விட்டிருக்கிறோம்.

படத்தை இங்கே இடும்படி சிலர் தனிச்செய்தியில் கேட்டிருந்தீர்கள். வீட்டை விட்டு வெளியே போகக்கூடாது என்று அம்மா சொல்லியிருப்பதால் இடவில்லை. மன்னிக்க வேண்டும்.